நெடுத்த கண்டுகள்

2021 ஏப்ரல் மாதம். ரொறன்ரோவில் பெருந்தொற்றின் மூன்றாம் அலை. அவசியம் இல்லாமல் வீட்டைவிட்டு வெளிக்கிடாதீர்கள் என்று ஒன்ராறியோ அரசு உத்தரவு போட்டிருந்தது. எனக்கு அது பெரிய தண்டனையாகப் படவில்லை. ஏப்ரலில் நான் எப்படியும் பேஸ்மென்றில்தான் குடியிருப்பேன். கத்தரி, மிளகாய், தக்காளி என்று நூற்றிருபது கண்டுகள் அங்கே ரியூப் லைற்றுக்குக் கீழே நிற்கும். மே மாதக் கடைசியில் உறைபனி முழுக்க விட்ட பிறகுதான் அவை மண்ணைக் காணும். அதுவரை வெயிலும் மழையும் காற்றும் என் பொறுப்பு.

அன்று சனிக்கிழமை. மகன் படிக்கட்டில் பாதி இறங்கி நின்றான். இருபத்தாறு வயது. நான் அங்கே கண்டு வளர்க்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்தப் படிக்கட்டின் கீழ்ப்பாதிக்கு அவன் வந்ததில்லை. மண் மணம் அவனுக்கு ஆகாது. கையில் ஒரு தட்டு, தட்டில் நாலு ரிம் ஹோட்டன்ஸ் கோப்பிக் கப்.

“அப்பா, இதுகளை ஒருக்காப் பாருங்கோ. விழுந்து விழுந்து போகுது.”

தட்டை வாங்கி லைற்றுக்குக் கீழே வைத்தேன். ஒவ்வொரு கப்பிலும் நூல்போல ஒரு தண்டு. முக்கால் சாண் உயரம் இருக்கும். அந்த நூலின் நுனியில் வழவழப்பான இரண்டு விதையிலை, அதற்கு மேலே அரம்போல ஓரம் வெட்டிய இரண்டு குட்டி இலை. பச்சை என்று சொல்ல முடியாது; பழைய மோர் நிறத்தில் கொஞ்சம் பச்சை கலந்த மாதிரி. ஒன்று கப் விளிம்பில் தலையைச் சாய்த்துக் கிடந்தது. இன்னொன்று ஒரு பல் குத்தும் குச்சியில் நூலால் கழுத்து இறுகக் கட்டப்பட்டிருந்தது.

“என்ன கண்டு தம்பி இது?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “லீகல்தான் அப்பா,” என்றான்.

அதிலிருந்தே விளங்கிவிட்டது.

கஞ்சாச் சட்டம் கனடாவில் 2018 அக்டோபர் 17இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு வீட்டில் நாலு செடிவரை வளர்க்கலாம். ஆளுக்கு நாலு அல்ல, வீட்டுக்கு நாலு. கியூபெக்கும் மனிற்றோபாவும் அப்போது தங்கள் மாகாணத்தில் அது வேண்டாம் என்று நின்றன. ஒன்ராறியோவில் பத்தொன்பது வயது ஆனவர்கள் அரசாங்கத்தின் ஒன்லைன் கடையிலேயே விதை வாங்கலாம். இவனும் அங்கேதான் வாங்கியிருக்கிறான், நாலே நாலு விதை. விலையைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு அடைத்தது. அந்தக் காசுக்கு ஒரு மூடை அரிசி வாங்கலாம். நான் கத்தரி விதையை முற்றிய காயிலிருந்து வழித்து, கழுவி, பேப்பரில் காயவைத்து எடுக்கிறவன்.

“என்ன போட்டனீ இதுக்கு?”

“பசளை போட்டனான். ரெண்டு தரம். வளரேல்லை எண்டு.”

வளரவில்லையாம்! முக்கால் சாண் வளர்ந்து நிற்கிறது. அதுதானே வருத்தமே.

நான் முதன்முதல் கண்ட நெடுத்த நாற்று, புகையிலை நாற்று. எங்கள் ஐயா வலிகாமத்துச் செம்மண்ணில் புகையிலை வைத்தவர். புகையிலை விதை தூசிக்குக் கொஞ்சம் மேல். ஒரு கிராமில் 10,000க்கு மேற்பட்ட விதை இருக்கும். அப்படியே தூவினால் ஒரே இடத்தில் போய் அப்பிக்கொள்ளும் என்று சாம்பலோடு கலந்து, மேடைப் பாத்தியில் விசிறுவார். மேலே முழங்கால் உயரத்தில் கிடுகுப் பந்தல். எங்கள் ஊர் வெயிலில் அந்தக் கிடுகு இல்லாவிட்டால் முளை கருகும், மழை அடித்தால் முளை அள்ளுண்டு போகும். ஆனால் பச்சை தெரிந்த மறுநாளே ஐயா கிடுகை விலக்கத் தொடங்கிவிடுவார். முதலில் காலை வெயில் மட்டும். நாலைந்து நாளில் பின்னேர வெயிலும். பிறகு உச்சி வெயில். விடிந்ததும் கிடுகுக்கு ஒருமுறை, பத்து மணிக்கு ஒருமுறை என்று அவர் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருப்பார். நாற்றுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, உள்ளங்கையை விரித்து, நுனிகள்மேல் மெல்லத் தடவிக்கொண்டு போவார். மாட்டின் முதுகைத் தடவுகிற மாதிரித்தான் இருக்கும். அது பாசம் என்று நினைத்திருந்தேன்.

ஒரு வருசம் ஐயாவுக்குக் காய்ச்சல். பத்து நாள் படுக்கை. அம்மா தண்ணீர் மட்டும் தெளித்தாள், கிடுகைத் தொடவில்லை. நாற்றுக்கு நிழல் நல்லதுதானே என்று எல்லாருமே நினைத்தோம். அவர் எழும்பி வந்து பந்தலை நீக்கிப் பார்த்தபோது பாத்தி முழுக்க வெளிறிய நூல்கள் ஒன்றோடொன்று சாய்ந்து நின்றன. ஐயா ஒருவரையும் ஏசவில்லை. “நெடுத்துப்போச்சு,” என்று மட்டும் சொன்னார். அந்த வருசம் வேறொருவரின் மேடையில் நாற்று வாங்கித்தான் நட்டோம். வாடைக் காற்றுக்கு நெடுத்த நாற்று நில்லாது. விழுந்தது எழும்பினாலும் அடி வளைந்து, கடைசிவரை வளைந்தபடிதான் நிற்கும் என்பது அவர் கணக்கு.

இதை அறிந்தவன்தான் நான். அறிந்தும், 1988இல் கனடாவுக்கு வந்து, ஸ்காபரோவில் ஆறாம் மாடி அப்பார்ட்மென்ற் ஒன்றில் மிளகாய் போட்டபோது அதே பிழையைச் செய்தேன். ஊரில் வெயில் கூடினதால் நிழலை அளந்தோம். இங்கே வெயிலை அளக்க வேண்டும் என்று மண்டையில் ஏறவில்லை. தயிர் டப்பாவில் செத்தல் மிளகாய் விதையைப் போட்டு, ஜன்னல் கட்டில் வைத்தேன். மார்ச் மாதம். வெளியே வெண்பனியில் வெயில் பட்டுக் கண் கூசுகிறது, இதைவிட வெளிச்சம் என்ன வேண்டும்? கண்டுகள் ஜன்னல் பக்கம் சாய்ந்தன. டப்பாவைத் திருப்பி வைத்தேன். மறுநாள் மறுபக்கம் வளைந்தன. திருப்பத் திருப்ப வளைந்து, எஸ் வடிவத்தில் நீண்டு, ஒரு கிழமையில் ஒவ்வொன்றாகப் படுத்தன. பலம் இல்லை என்று பசளை ஊற்றினேன். வாடுகிறது என்று தண்ணீர் ஊற்றினேன். மண் மட்டத்தில் தண்டு கறுத்து, யாரோ நகத்தால் கிள்ளிவிட்ட மாதிரி ஒடுங்கி, இருந்ததும் போயிற்று. நாற்றழுகல். ஈர மண்ணில் இருக்கிற பூஞ்சை செய்கிற வேலை. மெலிந்த தண்டு என்றால் அதற்கு இன்னும் வாய்ப்பு. கனடாவில் மிளகாய் வராது என்று முடிவுகட்டி, ஏழெட்டு வருசம் அந்தப் பக்கமே போகவில்லை.

கண்ணை நம்பியதுதான் அங்கே பிழை. நமது கண் இருட்டுக்கேற்ற மாதிரித் தன்னை விரித்துக்கொள்ளும். செடிக்கு அந்த வித்தை இல்லை. வெளியே உச்சி வெயிலின் வெளிச்சம் சுமார் ஒரு இலட்சம் லக்ஸ் இருக்கும். இரவில் விளக்கைப் போட்டுவிட்டு நல்ல வெளிச்சம் என்று நாங்கள் பேப்பர் வாசிக்கிற அறையில் அது 300 அல்லது 500தான். ஜன்னலிலிருந்து இரண்டு அடி தள்ளி வைத்த கண்டுக்கு நாங்கள் காட்டுகிறது பகல் அல்ல, பொழுதுபட்ட நேரம்.

1996இல் நான் வேலைசெய்த தொழிற்சாலையில் பழைய ரியூப் லைற்றுகளைக் கழற்றிப் புதிது போட்டார்கள். நாலடி நீளம், இரண்டு ரியூப் போடுகிற கூடு. குப்பைக்குப் போக இருந்ததில் ஒன்றைக் கேட்டு வாங்கி, பஸ்ஸில் தோளில் வைத்துக் கொண்டுவந்தேன். அறையில் கட்டித் தொங்கவிட்டு, கீழே மேசையில் டப்பாக்கள். ஒரு முழம் இடைவெளி. அப்போதும் நெடுத்தது! சங்கிலியைக் குறைத்து ஒரு சாணுக்கு இறக்கினேன், கொஞ்சம் தேறியது. கடைசியில், இலை சுடுமோ என்று பயந்து பயந்து, நாலு விரற்கடைக்கு இறக்கினேன். அங்கேதான் நின்றது. கண்டு வளர வளரச் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக ஏற்றுவேன். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் லைற், மிச்சம் இருட்டு. அந்த வருசம் மிளகாய்க் கண்டு பென்சில் உயரத்தில், பென்சில் மாதிரியே விறைத்து நின்றது. அப்பார்ட்மென்ற்றின் பால்கனியில் காய்த்த முதல் பச்சை மிளகாயை நான் கறிக்குப் போட விடவில்லை. தட்டில் வைத்து, எல்லாரும் பார்த்த பிறகு, சோற்றோடு கடித்தேன்.

காரணம் விளங்கியது இன்னும் பல வருசம் கழித்து. மகள் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்தாள். படிப்பு முடிந்ததும் தாவரவியல் புத்தகம் ஒன்றைப் பேஸ்மென்றில் போட்டுவிட்டுப் போனாள். செங்கல் அளவு தடிப்பு. கண்டுத் தட்டை லைற்றுக்குக் கிட்ட உயர்த்த அதைத்தான் அடியில் வைத்திருந்தேன். ஒருநாள் தண்ணீர் சிந்தி, துடைக்க எடுத்தபோது திறந்தேன். நெடுத்த நாற்றைப் பற்றி நூற்றைம்பது வருசமாகப் பெரிய மனிசர் எல்லாம் மண்டையை உடைத்திருக்கிறார்கள்!

சார்ள்ஸ் டார்வினும் மகன் பிரான்சிசும் 1880இல் எழுதிய புத்தகம் ஒன்று செடிகளின் அசைவு பற்றியது. புல் முளையின் நுனிக்கு ஒரு சின்ன மூடி போட்டுப் பார்த்திருக்கிறார்கள். நுனியை மூடினால் முளை வெளிச்சத்துப் பக்கம் வளையவில்லை. வளைகிற இடம் கீழே, ஆனால் பார்க்கிற இடம் நுனி. அப்படியென்றால் நுனியிலிருந்து கீழே ஏதோ சேதி போகிறது. அந்தச் சேதிதான் பிறகு ஒக்சின் என்று பெயர் பெற்றது. ஒரு பக்கம் வெளிச்சம் விழுந்தால் அது நிழல் பக்கத்தில் கூடச் சேரும். அந்தப் பக்கம் அதிகம் நீளும். முளை வெளிச்சத்தை நோக்கிச் சாயும். என் தயிர் டப்பா எஸ் எழுத்தின் கதை இவ்வளவுதான்.

அதைவிட எனக்குப் பிடித்தது நெற்பயிரின் கதை. ஜப்பானில் நெல் நாற்றுக்கு ஒரு நோய் உண்டு. நோய் பிடித்த நாற்று மற்றவற்றைவிடச் சடசடவென்று உயர்ந்து, வெளிறி, மெலிந்து, விழும். அங்கத்தைய விவசாயிகள் அதற்கு வைத்த பெயர் ‘பகனே’. முட்டாள் நாற்று என்று பொருள். 1926இல் குரோசாவா என்ற ஆய்வாளர், இது ஒரு பூஞ்சை சுரக்கிற பொருளால் வருகிறது என்று காட்டினார். அந்தப் பொருளுக்கு ஜிபரெலின் என்று பெயரிட்டார்கள். பிறகு பார்த்தால், செடிகள் எல்லாமே தமக்குள்ளே அதே வகைப் பொருளைத் தாமே சுரக்கின்றன. தண்டு நீளுவதற்கு அது வேண்டும். வெளிச்சம் குறைந்தால் அந்தக் கணக்கு மாறி, இலைக்கும் வேருக்கும் போகவேண்டியதும் தண்டு நீளுவதற்கே போய்விடுகிறது.

மண்ணுக்குள்ளிருந்து வருகிற முளைக்கு அது சரியான புத்தி. இருட்டாக இருந்தால் இன்னும் மேலே போ, இலை விரிக்கிறதைப் பிறகு பார்க்கலாம். பக்கத்துச் செடியின் நிழலில் நின்றாலும் அதே புத்திதான்: இலை சிவப்பு வெளிச்சத்தை உறிஞ்சிவிடும், அதைத் தாண்டிய கடுஞ்சிவப்பைக் கீழே விட்டுவிடும், கீழே நிற்கிற குட்டி அந்தக் கலவை மாறினதை அறிந்து ‘எனக்கு மேலே ஒருத்தன் நிற்கிறான்’ என்று ஓடத் தொடங்கும். ஐயா விதையைச் சாம்பலோடு கலந்து ஐதாக விசிறினதும் இதற்குத்தான். நெருங்க விதைத்தால் ஒன்றையொன்று பார்த்து ஓடும். முட்டாள் நாற்று என்று பெயர் வைத்தது கொஞ்சம் அநியாயம். கையில் இருந்த முதலை முழுக்கப் போட்டு வெளிச்சத்தைத் தேடியிருக்கிறது. வெளிச்சம் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

சரி, மகனிடம் வருகிறேன். நோயாளியைப் பார்க்க முன் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று மேலே போனேன். அவன் அறைக்குள் நான் போய் எத்தனையோ வருசம். திரைச்சீலை இழுத்து மூடியபடி. புத்தக அலுமாரியின் மேல்தட்டில், ஊதா நிறத்தில் எரிகிற ஒரு சின்ன எல்இடி விளக்கு. அது கப்புகளுக்கு இரண்டு முழம் மேலே. கீழே ஹீற்றர் காற்று வருகிற துவாரம். கையை வைத்துப் பார்த்தேன், நல்ல சூடு. வெளிச்சம் குறைவு, சூடு கூட. நெடுக்க வைக்க வேண்டும் என்று திட்டம்போட்டுச் செய்தாலும் இவ்வளவு திறமாய் வராது. அதோடு கப்பில் பாதிக்குத்தான் மண். முளை வெளியே தலைகாட்டு முன்பே கப்பின் சுவர் அதற்கு நிழல் போட்டிருக்கிறது.

“மண்ணை ஏன் பாதி போட்டனீ?”

“மண் முடிஞ்சு போச்சு.”

ஆனால் அந்தப் பாதிக் கப்தான் அவற்றைக் காப்பாற்றியது. தண்டை மூட இடம் இருந்தது.

பேஸ்மென்றில் தட்டை வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். முதல்வேலை, பசளையை நிறுத்துவது. இரண்டாவது, கழுத்துக் கட்டை அவிழ்ப்பது. அவன் குச்சியை எடுத்துவிட்டு, மனைவியின் ஈர்க்குத் தும்புத்தடியிலிருந்து நாலு ஈர்க்கு உருவினேன். தமிழ்க் கடையில் வாங்கிய ஈர்க்குக் கட்டு அது. கேட்காமல் உருவினது இன்றைக்கும் கணக்கில் இருக்கிறது. ஒவ்வொரு கப்பிலும் வேர் படாத தூரத்தில் ஒரு ஈர்க்கைக் குத்தி, கம்பளி நூலால் எட்டு வடிவத்தில் தளரக் கட்டினேன். ஈர்க்குக்கு ஒரு வளையம், தண்டுக்கு ஒரு வளையம். தண்டு சாயக்கூடாது, ஆனால் அசைய வேண்டும். இறுக்கிக் கட்டினால் ஊன்றுகோல்தான் நிற்கும், கண்டு நிற்கப் பழகாது.

பிறகு மண். காய்ந்து உதிரியாக இருக்கிற மண்ணை, தேங்காய்ப்பூத் தூவுகிற மாதிரி, கப்பின் விளிம்புவரை நிரப்பினோம். அழுத்தவில்லை. கப்பின் அடியில் ஆணியால் துளை; அவன் அதையும் போட்டிருக்கவில்லை. தக்காளிக்கு இந்த வைத்தியம் கைகண்டது: மூடிய தண்டெல்லாம் வேர் விடும். கஞ்சா கொப்பை வெட்டி நட்டாலே வேர்விடுகிற இனம், ஆகவே அதுவும் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். கத்தரிக்கும் மிளகாய்க்கும் இதை அளவோடுதான் செய்வேன். ஈரமண் தண்டைச் சுற்றி நின்றால் அழுகல் வரும். அதனால்தான் காய்ந்த மண், தண்ணீர் கீழ்த்தட்டில் விட்டு, மேல்மண் காயும்வரை பொறுக்கிறது. என் ரியூப் லைற்றுக்குக் கீழே, தக்காளிக்குப் பக்கத்தில், நாலு விரற்கடை தள்ளி இடம் ஒதுக்கினேன். அவனுடைய ஊதா விளக்கு சும்மா இருக்கட்டும்.

“ஒரேயடியாய்க் கிட்ட வச்சால் எரியாதே அப்பா?”

நல்ல கேள்வி. பெரிய எல்இடி என்றால் எரியும். இலை மேல்நோக்கிச் சுருண்டு வெளிறும், அதற்கு ஒரு முழமாவது விட வேண்டும். இந்த ரியூப் அவ்வளவு கடூரம் இல்லை. உன் புறங்கையை இலை நிற்கிற இடத்தில் அரை நிமிசம் பிடித்துப் பார், உனக்குச் சுட்டால் அதுக்கும் சுடும் என்றேன். அவன் பிடித்துப் பார்த்தான். நாற்பது வருசம் பின்னால் போய் நானும் ஐயாவும் மேடையில் குந்தியிருக்கிற மாதிரி இருந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் எனக்கு அப்போது முழங்கால் வலி. வேறு நினைப்பு வரவில்லை.

கடைசியாகக் காற்று. ஒரு சின்ன மேசைக் காற்றாடியை அறை மூலையில் வைத்து, இலை லேசாக நடுங்குகிற அளவுக்குத் திருப்பினேன். காலையும் மாலையும் நுனிகளைக் கையால் பத்துப் பன்னிரண்டு தரம் தடவ வேண்டும். அவன் சிரித்தான். நானும் ஒருகாலத்தில் அதைப் பாசம் என்றுதான் நினைத்தேன். தொட்டாலும் அசைத்தாலும் செடி உயர்வதைக் குறைத்துத் தண்டைத் தடிப்பாக்கும் என்பதைச் சோதித்து, 1973இல் ஜாஃபி என்ற அமெரிக்க ஆய்வாளர் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயரே வைத்திருக்கிறார். ஜப்பானில் குளிர்காலத்தில் கோதுமைப் பயிரைக் காலால் மிதிக்கிற வழக்கமும் உண்டு; பயிர் நெடுக்காமல் அடிபருத்து நிற்கும் என்று. ஐயா இதொன்றும் வாசிக்கவில்லை. ஆனால் ஒரு நாளும் தடவாமல் விட்டதில்லை.

மூன்றாம் நாள் மனைவி உடுப்புத் துவைக்க இறங்கி வந்தாள். தட்டைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை, ஆனால் தொலைக்காட்சியில் அந்த இலையைக் காணாத ஆள் இல்லை. அப்போது மூன்று விரல் இலை வரத் தொடங்கியிருந்தது.

“இஞ்சருங்கோ, புகையிலைக்காரன்ர பேரன் கஞ்சாக்காரன் ஆயிட்டானோ? உதைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்கோ. சனம் கண்டால் என்ன சொல்லும்?”

சட்டம் அனுமதிக்கிறது என்றேன். சட்டத்தையா கேட்டவள்? வீட்டுக்கு நாலு என்று இருக்கிறது என்று மகன் மேலேயிருந்து கத்தினான். அவள் பதில் சொல்லாமல் மெஷினில் உடுப்பைத் திணித்தாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் நினைத்தேன். புகையிலையில்தான் எங்கள் வீட்டுக்கு ஓடு போட்டது. புகையிலையில்தான் அக்காவின் தாலிக்கொடி. யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறிய காலத்தைப் பற்றிப் பெரியவர்கள் பெருமையாகப் பேசிக் கேட்டு வளர்ந்தோம். அந்தப் புகையிலையை அறுபது வருசம் வெற்றிலையோடு சப்பிய ஐயாவின் வாய்க்குள் வந்த புண்ணைப் பற்றி ஒருவரும் பெருமையாகவோ சிறுமையாகவோ பேசவில்லை. எது பயிர், எது பாவம் என்பதைச் சனம் தீர்மானிக்கிற முறையில் எனக்கு அன்றிலிருந்து பெரிய மரியாதை இல்லை. கஞ்சா நல்லது என்று சொல்ல வரவில்லை. மகனிடமும் அதைச் சொன்னேன்: உன்னைப் புகைக்கச் சொல்லவுமில்லை, வேண்டாமென்றால் நீ கேட்கப்போவதுமில்லை. கண்டைக் கொண்டுவந்தாய், கண்டைப் பற்றிப் பேசுவோம்.

எட்டாம் நாள் ஒன்று செத்தது. முன்பு கழுத்து இறுகக் கட்டியிருந்தது. கட்டின இடத்தில் காயம் இருந்திருக்க வேண்டும். மண் மூடினதும் அங்கேயே அழுகிவிட்டது. மகனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. மனைவி எட்டிப் பார்த்து, “அது என்ர பங்கு. போனால் போகட்டும்,” என்றாள். அவள் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

மற்ற மூன்றும் பத்துப் பன்னிரண்டு நாள் ஒன்றுமே செய்யவில்லை. மண்ணுக்கு மேலே ஒரு நூலளவும் உயரவில்லை. மகன் தினமும் வந்து பார்த்து, “அப்படியே நிக்குது,” என்று குறைப்பட்டான். அப்படியே நிற்கிறதுதான் நல்லது தம்பி, கீழே வேலை நடக்கிறது என்றேன். நிறம் முதலில் மாறியது: மோர் நிறம் போய், வெற்றிலைப் பச்சை. பிறகு இலைகளுக்கு இடையிலான தூரம் குறைந்து, ஒன்றின்மேல் ஒன்று நெருங்கி வந்தது. பிறகு தண்டு. மே முதல் கிழமையில் ஒருநாள் அவன் தானே ஈர்க்கை உருவி எடுத்துவிட்டு, சாயுமோ என்று கையைக் குடைபோலப் பிடித்துக்கொண்டு நின்றான். சாயவில்லை. கப்பைக் கவிழ்த்துப் பார்த்தபோது அடித்துளை வழியே வெள்ளை வேர் வெளியே வந்திருந்தது.

வெளியே பழக்குவதற்குப் பத்து நாள். கதவுக்கு வெளியே நிழலில் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு, பிறகு காலை வெயில். வீட்டுக்குள் வளர்ந்த இலைக்கு நேரே வெயில் காட்டினால் ஒரே நாளில் வெளுத்துக் கருகும். கத்தரித் தட்டுகளோடு அந்த மூன்றையும் காலையில் தூக்கி வெளியே வைக்கிறதும் பின்னேரம் உள்ளே எடுக்கிறதும் அவன் வேலை ஆயிற்று. நான் கேட்கவில்லை. விக்ரோரியா நாள் விடுமுறையில், பயற்றங்காய்ப் பந்தல் போடுகிற வேலிக்கு உள்பக்கம், தெருவுக்குத் தெரியாத மூலையில் நட்டோம். அந்த மறைப்பு மனைவியின் நிபந்தனை.

பிறகு நடந்ததைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. நிலத்தில் இறங்கிய பிறகு அது பயிர் அல்ல, காடு. யூலையில் என் தோளுக்கு வந்தது. பகல் நீளமாக இருக்கும்வரை இலையும் கொப்புமாகப் போகும். பகல் குறையத் தொடங்கினால்தான் பூவை நினைக்கும். பப்பாசி மாதிரி ஆண் வேறு பெண் வேறு. விதை வாங்கும்போதே பெண்ணாக வருகிற விதை என்று வாங்கினானாம். அடித்தண்டு என் பெருவிரலைவிடத் தடிப்பு. தரைக்கு மேலே ஓரிடத்தில் மட்டும் லேசான ஒரு வளைவு இருந்தது. மற்றவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், அது கோப்பிக் கப்பின் விளிம்பு.

ஆவணியில் ஒருநாள் மகன் வேலைக்குப் போயிருந்தான். உள்பக்கம் காற்றோட்டம் இல்லாமல் அடைந்திருந்த சின்னக் கொப்புகளை நான் கிள்ளிவிட்டேன். கத்தரிக்குச் செய்கிறதுதான். அரைமணி நேரத்தில் விரல்கள் ஒட்டத் தொடங்கின. கறுப்பாக, மெழுகுபோல ஒரு பிசின். மணம் வேறு, ஆனால் அந்த ஒட்டு எனக்குத் தெரிந்த ஒட்டு. புகையிலையில் பக்கக் கண் கிள்ளிவிட்டு வருகிற நாளில் ஐயாவின் கை இப்படித்தான் இருக்கும். கிணற்றடியில் கையை முன்னே நீட்டிக்கொண்டு நிற்பார், ஒன்றையும் தொடமாட்டார். அம்மா தேங்காய் எண்ணெயும் அடுப்புச் சாம்பலும் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைப்பாள்.

நான் உள்ளே வந்து சமையலறைக் குழாயடியில் நின்றேன். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. இன்னொருமுறை தேய்த்தேன். சவர்க்காரக் கட்டிதான் கறுத்தது. மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள், கத்தியை வைத்துவிட்டு வந்து என் விரல்களைப் பார்த்தாள். குனிந்து ஒருதரம் மணந்தும் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் அலுமாரியைத் திறந்து தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுத்தாள். ஆவணி மாதம் என்றபடியால் எண்ணெய் உறையாமல் இருந்தது. கையை நீட்டச் சொல்லி, உள்ளங்கையில் ஊற்றினாள்.